வெறும் பை

சலவைக் கூடத்தில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர் வைத்தவள் ரேடியோ. ரேடியோ என்பதும் பட்டப்பெயர்தான். காலையில் வேலைக்கு வந்ததும் திறக்கிற வாய், சாயங்காலம் கைப்பையை மாட்டும்போதுதான் மூடும். அந்தக் கூடத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. இயந்திரங்களின் இரைச்சலில் கத்திப் பயனில்லை என்று கழுத்தில் விசிலைக் கட்டிக்கொண்டு அலைகிற சூப்பர்வைசருக்கு விசில் என்றே பெயர்.

டாக்டரம்மாவுக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் மற்றவர்கள் உடம்பைப் பற்றி நிறையத் தெரியும். யாராவது ஒரு தும்மல் போட்டால் போதும், விரிப்புகளைச் சூட்டில் இஸ்திரி போடும் உருளை இயந்திரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்துவிடும்.

"நேத்து என்னடி தின்னே?"

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா, துணித்தூசு."

"தூசு எனக்கும்தான் பறக்குது. நான் தும்மறேனா?"

சாப்பாட்டு நேரத்தில் இன்னும் மோசம். டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் பெண்கள் ஒருமுறை அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்துக்கொள்வார்கள்.

"என்னது அது, பளபளன்னு?"

"உருளைக்கிழங்கு. லேசாப் பொரிச்சேன்."

"எண்ணெயை அப்படியே தம்ளர்ல ஊத்திக் குடிச்சிடேன். மெல்லற வேலையாவது மிச்சம்."

எல்லோரும் சிரிப்பார்கள். டப்பாக்காரியும் சிரிப்பாள். பிறகு அந்த உருளைக்கிழங்கு ருசிக்காது.

அவளுக்கு இப்படிப் பேச ஒரு தகுதி இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஐம்பதை நெருங்குகிற வயதில் வயிறு ஒட்டியிருந்தது. மூன்று மாடி ஏறினாலும் மூச்சு வாங்காது. விடிவதற்கு முன்னால் எழுந்து தெருமுனைத் தண்ணீர்த்தொட்டி வரை வேகமாக நடந்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். தேநீரில் சர்க்கரை கிடையாது, காய்கறியில் உப்பு பேருக்குத்தான். "வியாதி தானா வர்றதில்ல. நாமதான் வாசல்ல நின்னு கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வர்றோம்" என்பது அவள் பேச்சு. அதைச் சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு வெளிச்சம் வரும். வாழ்க்கையில் அவள் கைக்கு அடங்கியவை அதிகமில்லை. சம்பளம் அடங்கவில்லை, வாடகை அடங்கவில்லை. உடம்பு அடங்கியது.

அதே கூடத்தில்தான் அவள் நாத்தனாரும் வேலை செய்தாள். கணவரின் தங்கை. கட்டியவன் விட்டுப்போன பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், பின்னறையில் இருந்தாள். பெருத்த உடம்பு, வலிக்கிற முட்டி, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அவளுக்கு மெத்தை என்று பெயர் வைத்தது வேறு யாரும் அல்ல, டாக்டரம்மாதான். நாத்தனார் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு ஹோட்டலிலிருந்து மெத்தை உறைகள் மூட்டையாக வந்திருந்தன. அவள் அந்த மூட்டைக்குப் பக்கத்தில் குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தாள். "இதுல எதை மிஷின்ல போடணும், எது என் நாத்தனார்னு சொல்லிட்டுப் போங்கடி" என்றாள் டாக்டரம்மா. கூடமே அதிர்ந்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நாத்தனார். அன்றிலிருந்து அவள் மெத்தை.

முட்டி வலியால் அவளால் உருளைப் பக்கம் நிற்க முடியாது. எனவே விசில் அவளைப் பை மேசையில் உட்கார வைத்திருந்தார். சலவைக்கு வருகிற ஒவ்வொரு சட்டை, கால்சட்டை, கோட்டின் பைகளிலும் கைவிட்டுப் பார்ப்பது அந்த மேசையின் வேலை. ஒரு பேனா தப்பினால் ஒரு தொட்டித் துணி முழுதும் நீலமாகிவிடும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பையில் என்ன கிடைத்தாலும் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக் கூவிச் சொல்ல வேண்டும். "சீப்பு! ஹோட்டல் கோட்டு!" என்று. கூடத்தில் இருப்பவர்கள் கேட்டாக வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் "வெறும் பை" என்று கூவ வேண்டும். பின்னால் எவனாவது வந்து என் மோதிரம் எங்கே என்று கேட்டால் கூடமே சாட்சி. கூவாமல் ஒரு பொருளை எடுத்து வைத்தால், அது தலைவலி மாத்திரையாக இருந்தாலும், திருட்டு. அதற்கு முன் அந்த மேசையில் இருந்தவள் ஒரு மூக்குக் கண்ணாடியைக் கூவ மறந்துதான் வேலையை இழந்தாள்.

நாத்தனாரின் குரல் அதற்கென்றே செய்தது போல இருக்கும். "பல்லுசெட்டு! மேல்பல்லு மட்டும்! யாரோ இன்னைக்குக் கஞ்சிதான்!" என்று கூவி ஆளைச் சிரிக்க வைப்பாள்.

போன வருஷம் அவளுக்கு ரத்தக்கொதிப்பு என்று தெரிந்தது. அன்று சாயங்காலமே டாக்டரம்மா உப்பு ஜாடியை எடுத்துப் பரண்மேல் வைத்தாள். கணவர், "வீட்டுல எனக்கும் ஒரு நாக்கு இருக்கு" என்று சொல்லிப் பார்த்தார். அவர் சலவைக் கூடத்தின் வண்டி ஓட்டுகிறவர், சண்டைக்கு வராதவர்.

"உங்க நாக்குக்குப் பார்த்தா உங்க தங்கச்சி படுத்துடுவா. பரவாயில்லையா?"

நாத்தனார் காலையில் மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு நிற்கும்போதெல்லாம் டாக்டரம்மா ஒன்று சொல்வாள். "மாத்திரைங்கறது ஊன்றுகோல்டி. ஊன்ற ஊன்ற காலு சூம்பிப்போயிடும்." மறுநாள், "இன்னைக்குமா?" அதற்கு மறுநாள் ஒன்றும் சொல்ல மாட்டாள். பெருமூச்சு மட்டும் விடுவாள். சில வாரங்களில் நாத்தனார் மாத்திரையோடு நிற்பது நின்றுபோயிற்று. டாக்டரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கூடத்தில் ஆள் ஆளாகச் சொன்னாள்: "என் நாத்தனாரையே மாத்திரையிலேர்ந்து எழுப்பி விட்டுட்டேன்."

பை மேசையில் நாத்தனார் ஏதோ ஒரு சட்டைக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அன்று அது பணிவு என்று டாக்டரம்மாவுக்குப் பட்டது.

*

இரண்டு மாதங்களுக்கு முன்பு டாக்டரம்மாவுக்குக் காலையில் பின்தலை வலிக்க ஆரம்பித்தது. ஒரு நாள் நடந்துகொண்டிருந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் வந்து நிற்காமல் வழிந்தது. யாரிடமும் சொல்லாமல், வீட்டிலிருந்து தள்ளி இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நிஜமான டாக்டர் சின்னப் பெண். கையில் ரத்தக்கொதிப்பு பார்க்கும் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். இன்னொரு கையிலும் பார்த்தாள்.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"எனக்கு இருக்காது டாக்டர். நான் தினம் நடக்கறேன். உப்பே கிடையாது எங்க வீட்டுல."

"நல்லது. அதையெல்லாம் விட்டுடாதீங்க. அதனாலதான் இவ்வளவு நாள் தள்ளியிருக்கு. அம்மா அப்பா யாருக்காவது இருந்துச்சா?"

"அம்மாவுக்கு. ஆனா அவங்க வாயைக் கட்டலை."

"நீங்க கட்டியிருக்கீங்களே. உங்களுக்கும் வந்திருக்கே." எழுதிக்கொண்டே, எந்தக் குத்தலும் இல்லாமல் சொன்னாள் அந்தப் பெண். "நடையும் வேணும், மாத்திரையும் வேணும். ஒண்ணுக்கு ஒண்ணு பதிலில்லை."

பேருந்தில் திரும்பும்போது அவள் அம்மாவை நினைத்தாள். ஒரு பக்கம் விழுந்துபோய்ப் படுத்திருந்த அம்மா, அவித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கோணிய வாயால் கேட்பாள்: "ஒரு சிட்டிகை உப்பு போடேன்." இவள் போட்டதில்லை. "தின்னுதான் இப்படிக் கிடக்கறே. இன்னும் ஆசை விடலையா?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா அதற்குப் பிறகு கேட்பதை விட்டாள். முட்டையை மென்று விழுங்க முடியாமல் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். அம்மா தின்றுதான் விழுந்தாள் என்று இத்தனை வருஷம் இவள் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையில் ஒரு வசதி இருந்தது. இப்போது தின்னாதவளுக்கும் வந்திருக்கிறது. அப்படியென்றால் அந்த உப்பு?

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாத்திரையை வாங்கினாள். விழுங்கவில்லை. வீட்டில் எங்கே வைப்பது? சமையலறை அலமாரியில் வைத்தால் நாத்தனார் பார்ப்பாள். அவளும் அதே மாத்திரையைத்தான் சாப்பிட்டாள், அட்டையைப் பார்த்ததும் தெரிந்துகொள்வாள். வேலை உடுப்பின் முன்பையில் போட்டுக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் கட்டுப்பாடாக இருந்தால் போய்விடும், யாருக்கும் தெரியாமல் வந்தது யாருக்கும் தெரியாமலே போய்விடட்டும் என்று நினைத்தாள். நடையைத் தண்ணீர்த்தொட்டியிலிருந்து பாலம் வரை நீட்டினாள். பேருக்குப் போட்ட உப்பையும் நிறுத்தினாள். வேலை நடுவே கை பையைத் தடவிப் பார்க்கும். அட்டை இருக்கும். பன்னிரண்டு குமிழ்கள், ஒன்றும் உடையாமல்.

*

சனிக்கிழமை மதியம் வேலைக்காரர்களின் உடுப்புகளும் சலவைக்குப் போகும். அன்று உருளை மிகவும் சூடாக இருந்ததால் அவள் உடுப்பைச் சீக்கிரமே கழற்றித் தள்ளுவண்டியில் எறிந்திருந்தாள். ஈர விரிப்பின் இரண்டு முனைகளை அவளும் ரேடியோவும் பிடித்து உருளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோ தன் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் கேட்டேன், ஏம்மா, ஒரு போன் பண்ணா உன் விரலு தேய்ஞ்சிடுமான்னு..."

டாக்டரம்மாவின் கை வழக்கம்போல வயிற்றுப் பக்கம் போயிற்று. உடுப்பு இல்லை. வாராவாரம் கழற்றும்முன் எடுத்துவைக்கிற அட்டை அதோடே போயிருந்தது.

தலை திரும்பியது. பை மேசையில் வேலை உடுப்புகள் குவியலாகக் கிடந்தன. நாத்தனார் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஹேர்பின்! ரேடியோவோட உடுப்பு!"

"அது என்னுதில்ல, என்னுது போன வாரமே தொலைஞ்சது!" என்று கத்தினாள் ரேடியோ.

"அப்ப இது அதோட ஆவி!"

ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொள்ளலாம். ஆனால் விரிப்பு பாதி உருளைக்குள் போயிருந்தது. அப்போது கையை விட்டால் துணி சுருண்டு உள்ளே சிக்கும், தீய்ந்த வாசனை வரும், விசில் ஊதப்படும். அவள் முனையைப் பிடித்தபடி நின்றாள். காதில் ரத்தம் தட்டுவது கேட்டது.

"மிட்டாய்க் காகிதம்! விசிலோட சட்டை! யாருக்கும் தெரியாம தின்னிருக்காரு!"

சிரிப்பு. அடுத்தது அவளுடையது. அதன் கழுத்துப்பட்டையில் அவளே தைத்த சிவப்பு நூல் அங்கிருந்தே தெரிந்தது. நாத்தனாரின் கை முன்பைக்குள் போயிற்று. நின்றது. வாய் திறந்தது. திறந்த வாய் அப்படியே இருந்தது.

ஒரு விரிப்பு முழுதும் உருளைக்குள் போகிற நேரம்.

"டாக்டரம்மா உடுப்பு," என்று கூவினாள் நாத்தனார். குரலில் சிரிப்பு இல்லை. "வெறும் பை!"

*

திங்கட்கிழமை உடுப்பு மடித்து, இஸ்திரி போட்டு அவள் கொக்கியில் மாட்டியிருந்தது. முன்பையில் அட்டை இருந்தது.

அவள் காத்திருந்தாள். வீட்டில் சாப்பிடும்போது, பேருந்தில் பக்கத்தில் உட்காரும்போது, எந்த நேரமும் வரப்போகிற அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். தான் அவள் இடத்தில் இருந்திருந்தால் என்னவெல்லாம் சொல்லியிருப்போம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஊன்றுகோல் வாங்கியாச்சா அண்ணி? கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்துட்டீங்களா? ஒவ்வொன்றும் அவளுடைய சொந்தச் சொல். நாத்தனார் எதுவும் சொல்லவில்லை. "அந்தத் தட்டை இப்படிக் குடுங்க அண்ணி" என்றாள். "மழை வரும் போலிருக்கு" என்றாள். அந்தச் சாதாரணப் பேச்சு ஒவ்வொன்றும் இவளுக்கு அடி மாதிரி விழுந்தது.

அதோடு விசில் வேறு வந்து நின்றார்.

"புதன்கிழமை எல்லாருக்கும் உடம்பு செக்கப். முதலாளி ஏற்பாடு. டாக்டரம்மா, முதல் ஆளு நீங்கதான். அப்படியே ரெண்டு வார்த்தை பேசிடுங்க, உடம்பை எப்படி வெச்சுக்கறதுன்னு. நீங்க சொன்னா கேப்பாங்க."

"நான் எதுக்கு..."

"நீங்க இல்லாம யாரு? நானா?" என்று தன் தொப்பையைத் தட்டிக்கொண்டார் விசில்.

செவ்வாய்க்கிழமை ரேடியோ பல் பிடுங்கப் போய்விட்டாள். கூடம் காது அடைத்தது போல இருந்தது. மடிக்கிற மேசையில் ஆள் போதாமல் விசில் நாத்தனாரை அனுப்பினார். விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. எதிரெதிரே நின்று இழுத்து உதறி, முனையோடு முனை சேர்த்து, நடந்து நெருங்கி, ஒருத்தி கையிலிருந்து மற்றவள் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் முகத்துக்கு முகம் பார்க்காமல் இருக்க முடியாது.

நாலைந்து விரிப்பு மடித்தார்கள். ஆறாவதில் டாக்டரம்மா முனையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிடேன்."

"எதை அண்ணி?"

"தெரியாத மாதிரி கேக்காத. எல்லார் முன்னாடியும் சொல்லு. நீ சொல்லாம இருக்கறது எனக்கு மூச்சு முட்டுது."

"சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?"

"ஏன் கூவலை? யாராவது பார்த்திருந்தா உன் வேலை போயிருக்கும்."

நாத்தனார் விரிப்பின் விளிம்பை நீவினாள். சுருக்கம் இல்லாத இடத்தை மறுபடி நீவினாள்.

"வாயைத் திறந்துட்டேன் அண்ணி. 'மா'ங்கற வரைக்கும் நாக்குல வந்துடுச்சு. பைக்குள்ள அட்டையைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? உங்களுக்கும் வந்துடுச்சுன்னு. அவ்வளவு சந்தோஷம். சீ, என்ன ஜென்மம் நான்னு ஆயிடுச்சு. அதான் வெறும் பைன்னு கத்திட்டேன். உங்களுக்காக இல்ல."

உருளையிலிருந்து வந்த துணியின் சூடு டாக்டரம்மாவின் உள்ளங்கையில் சுட்டுக்கொண்டிருந்தது.

"அப்புறமா எடுத்துப் பார்த்தேன். ஒண்ணுகூட உடைக்கலையே? ஏன் அண்ணி முழுங்கலை?"

"நீ விட்டுட்டல்ல? உன்னாலயே முடியறப்ப..."

"நான் எங்க விட்டேன்?"

இயந்திரம் அவர்களுக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்தது.

"நடுவுல விட்டேன். நீங்க தினம் சொல்றீங்களேன்னு. ஒரு மாசம் இருக்கும். பஸ் ஸ்டாப்புல கண்ணு இருட்டி அப்படியே கீழ உக்காந்துட்டேன். யாரோ ஒரு பொண்ணு தண்ணி வாங்கிக் குடுத்துச்சு. அதுக்கப்புறம் விடலை. பாத்ரூம்ல வெச்சிருக்கேன். சோப்புத்தூள் டப்பா பின்னாடி. தினம் அங்கதான்."

"பாத்ரூம்லயா? ஏண்டி, பாத்ரூம்ல போய் யாராவது..."

"அங்கதானே அண்ணி நீங்க பின்னாடி வர மாட்டீங்க."

அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். வாளி எங்கே இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். பிறகு டாக்டரம்மாவின் விரல்களிலிருந்து முனைகளை ஒவ்வொன்றாக விடுவித்து எடுத்து, விரிப்பை மடித்து அடுக்கினாள்.

*

புதன்கிழமை சாப்பாட்டு அறையில் ஒரு மேசையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டிருந்தார்கள். பெண்கள் வரிசையில் நின்றார்கள். கன்னம் வீங்கிய ரேடியோ அதோடும் பேசிக்கொண்டிருந்தாள். நாத்தனார் வரிசையின் கடைசியில், முட்டிக்காகச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

தலைவலி என்று சொல்லி வராமல் இருந்துவிடலாம் என்று டாக்டரம்மா காலையில் நினைத்தாள். தலைவலி நிஜமாகவே இருந்தது. அதைச் சொன்னால் பொய் போலிருக்கும் என்று வந்துவிட்டாள்.

"முதல்ல பேச்சு, அப்புறம் பரிசோதனை" என்றார் விசில்.

"முதல்ல பரிசோதனை" என்றாள் அவள்.

நர்ஸ் பட்டையைச் சுற்றினாள். பட்டை இறுகியது. அறையில் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். எந்தக் கவலையும் இல்லாமல், விடை தெரிந்த கேள்வியைப் பார்ப்பது போல. நர்ஸ் எண்ணைப் பார்த்தாள். பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினாள். மறுபடி பார்த்தாள்.

"நூத்தி எண்பத்தெட்டு. கீழ நூத்திப்பத்து."

விசில் எழுதப்போனவர் நிறுத்தினார். முதலில் வாய் திறந்தது ரேடியோதான்.

"மிஷின் கோளாறும்மா! இவங்களுக்கா? சேவல் எழறதுக்கு முன்னாடி எழுந்து நடக்கற ஆளு!"

"ஆமாமா, வேற மிஷின் இருக்கா?" என்றார் விசில்.

"நம்ம எல்லாரோடதையும் சேர்த்துக் காட்டுது போல" என்றாள் உருளைக்கிழங்கு டப்பாக்காரி. சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள். தாங்கள் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சுக்கெல்லாம் இந்த ஒருத்தியாவது உண்மையாக இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு இருந்தது. நர்ஸுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "சில பேருக்குப் பதட்டத்துலயும் ஏறும். கொஞ்ச நேரம் அப்படி உக்காருங்க. அப்புறமாப் பார்த்துக்கலாம்" என்றாள்.

தப்பிக்கக் கதவு திறந்துதான் இருந்தது. எழுந்து போய் ஓரமாக உட்கார்ந்தால் போதும். அவள் வரிசையின் கடைசியைப் பார்த்தாள். நாத்தனார் சிரிக்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஷின் சரியாத்தான் இருக்கு" என்றாள் டாக்டரம்மா. "எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும்."

பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். நர்ஸ் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுகூடச் சாப்பிடலையா? ஏன்?"

ஏன் என்று பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். அந்தப் பதில்கள் எதுவும் இப்போது வரவில்லை. வந்தது வேறு.

"என் நாத்தனாரை நான் சாப்பிட விடலை. அவ பாத்ரூம்ல ஒளிஞ்சு முழுங்கறா. அப்புறம் நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு முழுங்கறது?"

தலைகள் எல்லாம் வரிசையின் கடைசிக்குத் திரும்பின. நாத்தனாரின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. அப்போதுதான் டாக்டரம்மாவுக்கு உறைத்தது. தன் குற்றத்தைச் சொல்ல வந்த இடத்திலும் நாத்தனாரின் உடம்பைத்தான் இழுத்து எல்லோர் முன்னாலும் போட்டிருக்கிறோம். கூவாமல் காப்பாற்றியவளைக் கூவிவிட்டோம்.

நாத்தனார் சுவரைப் பிடித்து நிமிர்ந்து, அறையை விட்டுப் போனாள்.

"அடிப்பாவி," என்றாள் ரேடியோ மெல்ல. யாரை என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப ஒரு வருஷமா என்னைச் சர்க்கரை இல்லாத டீ குடிக்க வெச்சதெல்லாம்?"

"அது நல்லதுதான்" என்றாள் நர்ஸ். "அதை விட்டுடாதீங்க. இவங்க நடக்காம இருந்திருந்தா இதைவிட மோசமா இருந்திருக்கும். ஆனா இன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும். இப்ப ஒண்ணு முழுங்குங்க. தண்ணி?"

"ஏ மெத்தை! உங்க அண்ணிக்குத் தண்ணி கொண்டா!" என்று வெளியே பார்த்துக் கத்தினாள் ரேடியோ.

அந்தப் பெயர் சுவரில் பட்டுத் திரும்பியது. வைத்தது அவள்தான். இனி அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவளால் ஆகாது.

நாத்தனார் தண்ணீர் கொண்டுவந்தாள். கையில் கொடுக்கவில்லை. மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அட்டையில் முதல் குமிழ் உடைகிற சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று டாக்டரம்மா நினைத்ததில்லை.

*

சாயங்காலம் கணவர் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியில் ஒரு சிக்னலில் மட்டும், "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார். அவள், "ம்" என்றாள்.

வீடு திரும்பியதும் ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்த உப்பு ஜாடியை இறக்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். நாத்தனார் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். முட்டைக்கு உப்பு போட்டுக்கொள்ளவில்லை.

"நான் அப்படி எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் டாக்டரம்மா.

"ஆமா அண்ணி. சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் அவள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் விடிகாலையில் டாக்டரம்மா நடக்கப் போனாள். பாலம் வரை போகவில்லை. தண்ணீர்த்தொட்டியோடு திரும்பினாள். வீடு தூங்கிக்கொண்டிருந்தது. குளியலறைக்குள் போய், சோப்புத்தூள் டப்பாவை நகர்த்தினாள். பின்னால் மூடிபோட்ட ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா இருந்தது. மூடி ஈரத்தில் வழுவழுவென்று பாசி மாதிரி ஆகியிருந்தது. ஒரு பழைய துணித்துண்டில் மாத்திரையைச் சுற்றி நனையாமல் வைத்திருந்தாள் நாத்தனார். டாக்டரம்மா டப்பாவைக் கழுவித் துடைத்தாள். சமையலறை அலமாரியில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், தன் அட்டையை வைத்து அதன் அருகே அந்த டப்பாவை வைத்தாள். இரண்டு தம்ளர்களில் தண்ணீர் ஊற்றினாள்.

நாத்தனார் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அலமாரியைப் பார்த்தாள். தம்ளர்களைப் பார்த்தாள்.

"கழுவினீங்களா?"

"ஆமா. பாசி பிடிச்சிருந்துச்சு."

"ம்." அவள் டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் அங்கேயே நிற்பாள் போலிருந்தது. பிறகு, "அங்கயே இருக்கட்டும் அண்ணி. பழகிடுச்சு" என்றாள்.

டப்பாவோடு குளியலறைக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள். குழாய் திறக்கும் சத்தம்.

டாக்டரம்மா தன் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்து, பிறகு விழுங்கினாள்.